ரீகோல் முடிந்த காரில் மீண்டும் இறுகிய ஸ்டியரிங்: திருகோணமலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கார் ஒரு சிறிய ஹட்ச்பேக். ரீகண்டிஷன் வண்டி அல்ல, இலங்கையிலுள்ள முகவர் நிறுவனம் புதிதாக இறக்கி விற்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்குச் சில வருடங்கள் முன்பு வாங்கப்பட்டது. உரிமையாளர் உவர்மலையில் வசிக்கும் ஓர் ஆசிரியை. பாடசாலை கிண்ணியாப் பக்கம். பாடசாலை நாட்களில் சீனன்குடா தாண்டி, கிண்ணியாப் பாலம் கடந்து தானே ஓட்டிப் போய்வருவார்.

நான் நகரில் வாகன மின்வேலை செய்யும் கராஜ் நடத்துகிறேன். ஆசிரியையின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அவர் பெயரோ, காரின் மாடலோ, முகவரின் பெயரோ இங்கே வராது. எழுதக் காரணம் ஒன்றுதான். ஒரு காரில் ரீகோல் வேலை, அதாவது குறை கண்ட வண்டிகளை உற்பத்தியாளர் திருப்பி அழைத்து இலவசமாகச் செய்து கொடுக்கும் திருத்தம், முடிந்தது என்று பதிவாகியிருந்தால், அதற்குமேல் கேட்க முடியாது என்று உரிமையாளர்கள் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பதிவு சொல்வது, காரில் ஒரு குறிப்பிட்ட வேலை செய்யப்பட்டது என்பதை மட்டும்தான். கோளாறு போய்விட்டதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இந்தக் காரில் இருப்பது மின்சாரத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங். எண்ணெய், பம்ப், பெல்ட் எதுவும் கிடையாது. ஸ்டியரிங் வளையத்தைத் தாங்கும் தண்டுப் பகுதியான கொலத்துக்குள் ஒரு முறுக்குத் தண்டு இருக்கிறது. நாம் திருப்பும்போது அது மிகச் சிறிதளவு முறுகும். அந்த முறுக்கை டோர்க் சென்சர் அளந்து ஸ்டியரிங் கணினிக்குச் சொல்லும். வண்டியின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து, கொலத்தில் பூட்டிய மோட்டருக்கு எவ்வளவு கரண்ட் கொடுப்பது என்று கணினி தீர்மானிக்கும். சென்சர் தரும் சிக்னலில் சந்தேகம் வந்தால் மோட்டரை உடனே நிறுத்திவிடும், டாஷ்போர்டில் விளக்கு எரியும். ஸ்டியரிங்குக்கும் சில்லுக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை. பலம் கொடுத்தால் திரும்பும். ஆனால் வளைவின் நடுவில், எதிரே பஸ் வரும் நேரத்தில் கை திடீரென்று இறுகிப்போனால், அந்தப் பலத்தைக் கொடுக்க ஓட்டுநருக்கு அவகாசம் கிடைக்காது. இதை வெறும் சௌகரியக் குறைவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

முதல் அறிகுறி

மாரி மழை தொடங்கியிருந்த நாட்களில், பாடசாலை விட்டு வரும்போது, பாலத்துக்கு முன்னால் உள்ள திருப்பத்தில் ஸ்டியரிங் முதன்முதலாக இறுகியது. மஞ்சள் விளக்கும் எரிந்தது. ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது. மழைத்தண்ணீர் எங்கோ போயிருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த சில வாரங்களில் மறுபடியும் வந்தது.

வீட்டுக்குக் கிட்ட இருந்த ஒரு கராஜில் காட்டினார்கள். அங்கே ஸ்டியரிங் கணினியையும் வாசிக்கக்கூடிய ஸ்கேனர் இருந்தது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கையடக்கக் கருவிகள் பெரும்பாலும் என்ஜினின் கோட்டை (கணினி பதிந்து வைக்கும் கோளாறுக் குறியீட்டை) மட்டும்தான் காட்டும், ஸ்டியரிங் பக்கம் எட்டிப் பார்க்காது. அந்த வகையில் அவருக்கு அதிர்ஷ்டம். டோர்க் சென்சர் சிக்னல் பற்றிய கோட் ஒன்று வந்தது. அந்த பாஸ் திரையைப் போனில் படம் பிடித்து, ஆசிரியையின் தம்பிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கோட்டை அழித்து விளக்கை அணைத்துக் கொடுத்தார். நல்ல மனதோடு செய்த வேலைதான். ஆனால் பிறகு எழுந்த தர்க்கம் முழுவதும் அந்த அழிப்பில்தான் தொடங்கியது.

ரீகோல் வேலை

கொஞ்ச நாளில் அதே மாடல் வைத்திருந்த சக ஆசிரியர் ஒருவர், இந்த வண்டிகளை ஸ்டியரிங் விஷயமாக முகவர் கூப்பிடுவதாகச் சொன்னார். ஆசிரியை செசி இலக்கத்தைக் கொடுத்துக் கேட்டார். அவருடைய காரும் பட்டியலில் இருந்தது. திருகோணமலையில் அந்த முகவரின் ரீகோல் வேலைக்கான நிலையம் இல்லாததால், வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோனார்.

ரீகோல் அறிவுறுத்தல் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஸ்டியரிங் கணினியின் நினைவில் குறிப்பிட்ட கோட் இருந்தால் கொலத்தை முழுதாக மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சொஃப்ட்வெயரை மட்டும் புதுப்பித்தால் போதும். இந்த வகைத் தீர்வு உலகில் புதிதல்ல. ஃபோர்ட் நிறுவனம் 2015இல் வட அமெரிக்காவில் டோரஸ், ஃபியூஷன் உள்ளிட்ட சுமார் 423,000 வாகனங்களை மின் பவர் ஸ்டியரிங் கோளாறுக்காகத் திருப்பி அழைத்தபோதும் இதே முறைதான். கோட் இருந்த வண்டிக்குப் புதிய ஸ்டியரிங் கியர், இல்லாத வண்டிக்குப் புதுப்பித்த சொஃப்ட்வெயர். இலட்சக்கணக்கான வண்டிகளுக்கு ஒரே நேரத்தில் பாகம் கொடுக்க முடியாது என்பதால் உற்பத்தியாளர் இப்படிப் பிரிப்பதில் நியாயம் இருக்கிறது. அதன் பலவீனமும் தெளிவானது. முன்பே யாராவது கோட்டை அழித்திருந்தால், கோளாறுள்ள வண்டியும் கோளாறில்லாத வண்டிகளின் வரிசையில் போய் நிற்கும்.

ஆசிரியையின் காருக்கு அதுதான் நடந்தது. நினைவில் கோட் இல்லை. சொஃப்ட்வெயரைப் புதுப்பித்து, ரீகோல் முடிந்தது என்று பதிந்து அனுப்பிவிட்டார்கள். ஜொப் கார்ட்டின் ஒரு பிரதியை அவர் கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதில் வாடிக்கையாளர் சொன்ன குறை என்ற இடத்தில், ஸ்டியரிங் இடையிடையே இறுகுவதும் விளக்கு எரிவதும் எழுதப்பட்டிருந்தது.

மறுபடியும் அதே கோளாறு

தைப்பொங்கல் கழிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் பழைய கதை திரும்பியது. முகவரைத் தொலைபேசியில் அழைத்தார். உங்கள் செசி இலக்கத்துக்கு ரீகோல் மூடப்பட்டுவிட்டது, இனிச் செய்வது கட்டண வேலை என்று பதில் வந்தது. காரைக் கொண்டுபோய்க் காட்டினார். அங்கே பொனட்டுக்குள் எர்த் போல்ட் (பற்றரியின் மைனஸ் கேபிளை வண்டி உடலோடு இணைப்பது) பச்சை பூத்து அரித்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கடற்காற்றால் வந்த துரு, அதனால் ஸ்டியரிங்குக்குப் போகும் மின்சாரம் குறைகிறது, இது ரீகோலில் சேராது என்றார்கள். அப்படியும் அவர் கொலத்தை மாற்ற விரும்பினால் பல இலட்சம் ரூபாய் ஆகும் என்று மதிப்பீடும் கொடுத்தார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் என்னிடம் வந்தார்.

“தம்பி, ரீகோல் செய்து தந்தாச்சு எண்டு சொல்லீட்டாங்க. பிறகு ஏன் இது திரும்பத் திரும்ப வருது?”

“முதல்ல இதை யாரும் அழிக்காம இருக்கட்டும் டீச்சர். நான் பார்த்திட்டுச் சொல்லுறன்.”

அவதானித்தவை

ஸ்கேன் செய்ததில் டோர்க் சென்சர் கோட் மீண்டும் நினைவில் இருந்தது. அதை அழிக்காமல், திரையையும் செசி இலக்கத் தகட்டையும் ஓடிய கிலோமீட்டரையும் ஒரே தொடர்ச்சியான வீடியோவாக எடுத்து வைத்தேன். தனித்தனிப் படங்களாக இருந்தால், இது வேறு காரின் திரை என்று யாரும் சொல்லிவிட முடியும்.

முகவர் சொன்ன எர்த் விஷயத்தை ஒதுக்கிவிடவில்லை. அது உண்மையாகவே மோசமாக இருந்தது. என்ஜின் ஓட, நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பி, கிளாம்ப் மீட்டரில் 60 ஆம்பியர் அளவு காட்டும்போது எர்த் பக்கத்தில் மட்டும் 0.9 வோல்ட் வீணாகப் போனது. கணக்குப் போட்டால் 0.015 ஓம் தடை. 0.2 வோல்டுக்கு மேல் போனாலே நான் அந்த இணைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்வேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறோம்.

ஆனால் இங்கே ஒரு முரண் இருந்தது. அந்த 0.9 வோல்ட் போன பிறகும் ஸ்டியரிங் கணினிக்கு 12.5 வோல்டுக்கு மேல் கிடைத்துக்கொண்டிருந்தது. அது வேலை செய்யத் தாராளமாகப் போதும். மின்னழுத்தம் குறைந்துதான் உதவி நின்றது என்றால் மின்வழங்கல் தொடர்பான கோட் விழுந்திருக்க வேண்டும். விழுந்தது சென்சர் கோட்.

இரண்டாவது தடயம் ஆசிரியையின் குறிப்புப் புத்தகம். முதல் சம்பவத்திலிருந்தே திகதி, நேரம், இடம், மழையா வெயிலா என்று எழுதி வந்திருந்தார். அதை வரிசையாகப் பார்த்தபோது மழைக்கும் கோளாறுக்கும் தொடர்பே இருக்கவில்லை. எல்லாம் பிற்பகல். எல்லாம் பாடசாலை முற்றத்தில், நிழல் இல்லாத இடத்தில் கார் நின்ற பிறகு. மாரியில் விழுந்த முதல் சம்பவம்கூட, மழை விட்டு வெயில் எறித்த ஒரு நாளில்தான். காலையில் போகும்போது ஒரு தடவைகூட இல்லை. துருப்பிடித்த எர்த் காலையிலும் அப்படியேதான் இருக்கும். அது நேரம் பார்த்து வராது. வெப்பம்தான் நேரம் பார்த்து வரும்.

இந்த வகை சென்சர் இரண்டு சிக்னல் தரும். கையை எடுத்த நிலையில் இரண்டும் ஏறத்தாழ 2.5 வோல்டில் நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் கணினி இரண்டையுமே நம்பாது. காலைக் குளிரில் பார்த்தபோது எந்தக் குறையும் இல்லை. பிறகு ஸ்டியரிங்கின் கீழ் மூடியைக் கழற்றி, தலைமயிர் உலர்த்தும் ட்ரையரால் சென்சர் பகுதிக்கு மட்டும் சூடு காட்டினோம். சிறிது நேரத்தில் ஒரு சிக்னல் துள்ளத் தொடங்கியது, மற்றது அசையவில்லை. விளக்கு எரிந்தது, ஸ்டியரிங் இறுகியது. ஆறவிட்டதும் அடங்கியது. சூட்டில் விலகும் சொல்டர் இணைப்புகள் இப்படித்தான் நடந்துகொள்ளும். கொலத்தை உடைத்து உள்ளே பார்க்க நான் போகவில்லை. அது அடைத்த பாகம். நான் திறந்தால், கெடுத்ததே நான்தான் என்று ஆகிவிடும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, ஆசிரியை அந்தக் காரைப் பாடசாலைக்கு ஓட்டக்கூடாது என்பது. அவருக்கு இது பெரிய சிரமம். பஸ்ஸில் போய்வர வேண்டியிருந்தது. ஆனாலும் பிற்பகல் சூட்டில் கோளாறு வரும் என்று தெரிந்த பிறகு, அதே பிற்பகலில் அதே பாலத்தடியால் ஓட்ட விடுவது சரியல்ல.

இரண்டாவது, எர்த்தைத் திருத்துவதா வேண்டாமா என்பது. இதில் நிறையப் பேசினோம். திருத்தினால், நீங்கள்தான் வயரிங்கில் கைவைத்தீர்கள் என்று முகவர் சொல்லலாம். திருத்தாவிட்டால், எர்த் சரியில்லாத வண்டியைப் பற்றி எங்களோடு பேசாதீர்கள் என்று அவர்கள் சொல்வதும் நியாயம். அவர்களுடைய காரணத்தை முழுதாக அகற்றிவிட்டு, அதன் பிறகும் கோளாறு வருகிறதா என்று பார்ப்பதுதான் நேர்மையான வழி என்று முடிவெடுத்தோம். அதற்கு முன்பு, எர்த்தை உங்கள் ஆலோசனைப்படியே திருத்தப்போகிறோம், நீங்களே செய்ய விரும்பினால் இந்தத் திகதிக்குள் சொல்லுங்கள் என்று ஆசிரியை பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினார். திகதி வரை பதில் வரவில்லை. பழைய கேபிளையும் அதன் நுனியில் இருந்த, அரித்த லக்கையும் ஒரு பையில் போட்டு வைத்துவிட்டுப் புதியது பூட்டினேன். இழப்பு 0.1 வோல்டுக்கு இறங்கியது. முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை பில்லிலேயே எழுதினேன். அடுத்த நாள் மதியம் காரை என் முற்றத்து வெயிலில் நிறுத்தினோம். வெளியே எடுக்காமல், நின்ற இடத்திலேயே திருப்பிப் பார்த்தபோது கோளாறு வந்தது.

மூன்றாவது, முறைப்பாடு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, சேவை வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். ரீகோல் வேலை நடந்த நாளிலிருந்து எண்ணினால் அந்தக் காலம் முடியப் போகும் நிலையில் இருந்தது. முகவரோடு பேசிப் பார்த்துவிட்டுப் பிறகு முறையிடலாம் என்பது ஆசிரியையின் தம்பியின் எண்ணம். பேச்சு இழுபட்டால் காலக்கெடு போய்விடும். முறைப்பாடு கொடுத்த பிறகும் பேசலாம், இணக்கம் வந்தால் திரும்பப் பெறலாம். ஆகவே காலத்துக்குள் கொடுத்தார்கள்.

முறைப்பாட்டை எப்படி எழுதுவது என்பதில் நான் ஒன்றை மட்டும் வலியுறுத்தினேன். ரீகோல் பிழை என்றோ, உற்பத்தியாளர் ஏமாற்றினார் என்றோ எழுத வேண்டாம். நம்மால் காட்டக்கூடியது மூன்று விஷயம்தான். ரீகோலுக்கு முன்பே இந்த கோட் இருந்தது, வட்ஸ்அப் படத்தில் திகதியோடு இருக்கிறது. ரீகோல் அன்று ஆசிரியை அந்தக் குறையைச் சொன்னார், அவர்களுடைய ஜொப் கார்ட்டே சொல்கிறது. எர்த்தைத் திருத்திய பிறகும் அதே கோட் வருகிறது. உரிய கவனத்தோடும் திறமையோடும் சேவை செய்ய வேண்டும் என்பது சட்டத்தில் உள்ளடங்கிய உத்தரவாதம். வாடிக்கையாளர் வாயால் சொன்ன குறையை விட்டுவிட்டு, கணினி நினைவை மட்டும் பார்த்து முடிவெடுத்தது அதற்குள் வருமா என்பதுதான் கேள்வி.

நடந்தது

விசாரணைக்கு முகவர் தரப்பில் வந்தவர் முதலில் பழைய நிலைப்பாட்டிலேயே நின்றார். கராஜில் கோட்டை அழித்ததால்தான் தங்களுக்குத் தெரியாமல் போனது, அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றார். அதில் பாதி உண்மை. ஆனால் ஜொப் கார்ட்டில் குறையை எழுதியவர்கள் அவர்களே. இடையிடையே வரும் கோளாறு என்று எழுதியிருக்கும்போது, கோட் இல்லை என்பதை இறுதிப் பதிலாக எடுத்தது ஏன் என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருக்கவில்லை.

கடைசியில் இரு தரப்பும் ஒரு சோதனைக்கு உடன்பட்டன. காரை ஏற்றிச் சென்று, முகவரின் சொந்த நிலையத்தில், அவர்களுடைய ஸ்கேனரில், அவர்களுடைய தொழில்நுட்பவியலாளரே சூடு காட்டிப் பார்த்தார். ஆசிரியையின் தம்பியும் நானும் பக்கத்தில் நின்றோம். எங்கள் முற்றத்தில் வந்த அதே கோட் அங்கேயும் வந்தது. அந்தத் தொழில்நுட்பவியலாளர் திரையைத் தானே அச்செடுத்துக் கையொப்பம் வைத்தார். அதற்கு மேல் தர்க்கம் நடக்கவில்லை.

கொலத்தை இலவசமாக மாற்றினார்கள், கூலியும் எடுக்கவில்லை. புதிய சென்சருக்குப் பூச்சிய நிலை பதித்து, வீல் அலைன்மென்ட் பார்த்து ஒப்படைத்தார்கள். காரை ஏற்றி இறக்கிய செலவும் எர்த் கேபிள் செலவும் ஆசிரியையோடு. எர்த் அவருடைய பராமரிப்புப் பொறுப்பு என்பதால் அதை அவர் தர்க்கிக்கவில்லை. முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

கச்சான் காற்று வீசும் மாதங்கள் முழுவதும், பாடசாலை முற்றத்தில் அதே இடத்தில்தான் கார் நின்றது. குறிப்புப் புத்தகத்தில் புதிதாக எதுவும் பதியவில்லை. ஒரு வெயில் காலம் போதுமான சோதனை என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை மாற வேண்டியவை

பெரிய மாற்றம் கோட் அழிப்பில். பிரேக், ஸ்டியரிங், எயார்பேக் சம்பந்தமான எந்த கோட்டையும், அந்த செசி இலக்கத்துக்கு ரீகோல் இருக்கிறதா என்று கேட்காமல் எங்கள் கராஜில் இப்போது அழிப்பதில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதே என்று வாடிக்கையாளர் சங்கடப்படுவார்தான். படம் எடுத்து, அச்செடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, இதை முகவரிடம் காட்டும்வரை விளக்கு எரியட்டும் என்று விளக்கினால் புரிந்துகொள்கிறார்கள்.

ரீகோலுக்குப் போகும் நாளில் உரிமையாளர் கவனிக்க வேண்டியது ஜொப் கார்ட். குறையை வாயால் சொன்னால் போதாது, எந்த நேரத்தில், எந்த நிலையில் வருகிறது என்பதோடு அதில் எழுதவைக்க வேண்டும். பழைய கோட்டின் படம் இருந்தால் அதையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். இந்தக் காரில் அந்தப் படம் தம்பியின் போனில் கிடந்தது, ரீகோல் அன்று யாரும் அதைக் காட்ட நினைக்கவில்லை. காட்டியிருந்தால் அன்றைக்கே கொலம் மாறியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

வேலை முடிந்து கார் வந்ததும், கோளாறு வழக்கமாக வரும் அதே சூழ்நிலையில் சில நாட்கள் பார்க்க வேண்டும். காலையில் எடுத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று கையொப்பம் வைப்பதில் பயனில்லை. மூன்று மாதக் கெடுவை அன்றிலிருந்தே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளவும் வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

ஒரு விஷயம் இன்னும் தீரவில்லை. புதிய கொலம் பூட்டிய வேலையை முகவர் நல்லெண்ண அடிப்படையில் செய்த திருத்தம் என்று பதிந்திருக்கிறார், ரீகோல் வேலை என்று பதியவில்லை. காசு மிஞ்சியது, பிறகு என்ன என்று தம்பி கேட்கிறார். ஆசிரியை அப்படி நினைக்கவில்லை. அப்படிப் பதிந்திருக்கும்வரை, சொஃப்ட்வெயர் மட்டும் போதாமல்போன வண்டி ஒன்று உண்டு என்ற தகவல் உற்பத்தியாளரின் ரீகோல் கணக்குக்குப் போகாது. அதே பட்டியலில், அதே மாதிரிக் கோட் அழிக்கப்பட்டு, சொஃப்ட்வெயரோடு அனுப்பப்பட்ட வேறு கார்கள் ஓடிக்கொண்டிருக்கலாம். நானும் அவர் பக்கம்தான். பதிவைத் திருத்தக் கோரி, தொழில்நுட்பவியலாளர் கையொப்பமிட்ட அச்சுப் பிரதியோடு முகவருக்கு ஒரு கடிதமும், உற்பத்தியாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கு இன்னொன்றும் அனுப்பியிருக்கிறார். முகவரிடமிருந்து கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. உற்பத்தியாளர் பக்கத்திலிருந்து செசி இலக்கத்தையும் பழைய கொலத்தின் பாக இலக்கத்தையும் கேட்டிருக்கிறார்கள். இரண்டையும் அனுப்பிவிட்டோம்.